‘ஹேவ்’ என்ற வினையும் அதன் பங்காளிகளும்: எங்கே எதை எழுதுவது?

கடலூர் மஞ்சக்குப்பத்தைச் சேர்ந்த பட்டதாரி இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வேலைக்கான நேர்காணலில் அவர் “ஐ ஆம் ஹேவிங் எ பைக்” என்று சொன்னதைப் பிழை என்றார்களாம். ஆனால் “ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” என்று சொன்னால் யாரும் திருத்துவதில்லை. ஒரே வினை ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் பிழையாகவும் இருப்பது எப்படி என்பது முதல் கேள்வி. ‘ஹேவ்’, ‘ஓன்’, ‘பொசெஸ்’, ‘பிலாங்’ ஆகிய நான்குக்கும் பொருள் உடைமைதானே, ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதினால் என்ன குறைந்துவிடும் என்பது இரண்டாவது. புதுச்சேரியில் பல ஆண்டுகளாக ஆங்கில இலக்கணம் கற்பித்து வருகிறவன் என்ற முறையில் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன். சுருக்கமான விடையைப் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள், அது உதவவில்லை என்பதால்தானே கேட்கிறீர்கள்.

‘ஹேவ்’ என்றால் ‘உடைமையாகக் கொண்டிரு’ என்று நோட்டில் எழுதிக்கொண்டு மனப்பாடம் செய்ததிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஒருவருக்கு பைக் இருந்தாலும் ‘ஹேவ்’தான், இரண்டு தங்கைகள் இருந்தாலும் ‘ஹேவ்’தான், கூட்டுறவு வங்கியில் கடன் இருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும், பொறுமை இருந்தாலும், மூக்கு நீளமாக இருந்தாலும் அதே ‘ஹேவ்’தான். இவற்றுள் பைக் ஒன்றைத்தான் விலைக்கு வாங்கவும் விற்கவும் முடியும். ஆகவே, எழுவாய்க்கும் ஒரு பொருளுக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு நிலவுகிறது என்பதற்கு மேல் ‘ஹேவ்’ எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. அந்தத் தொடர்பு சொத்துரிமையா, உறவுமுறையா, நோயா, குணமா என்பதை அடுத்து வரும் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது.

இந்த வேறுபாட்டை நம் இலக்கண மரபு வெகு காலத்துக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறது. ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை, அதாவது உடைமைப் பொருளை, தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பகுத்தார்கள். ‘சாத்தனது கை’ என்பது தற்கிழமை, ஏனெனில் கை சாத்தனிலிருந்து பிரிந்து நிற்கும் பொருளன்று. ‘முருகனது வேல்’ என்பது பிறிதின்கிழமை, ஏனெனில் வேல் முருகனிலிருந்து வேறான பொருள், கைமாறக்கூடியது. ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ இந்த இரண்டையும் பாகுபாடின்றி ஏற்கும். ‘ஓன்’ பிறிதின்கிழமையை மட்டுமே, அதிலும் சட்டம் சொத்து என்று ஒப்புக்கொள்ளும் பொருளை மட்டுமே ஏற்கும். “ஐ ஓன் டூ சிஸ்டர்ஸ்” என்று சொன்னால் தங்கைகளை விலைக்கு வாங்கிவிட்டதாகப் பொருள்படும்.

இனி ‘ஹேவிங்’. உடைமை, உறவு, குணம், நோய் ஆகியவை நிலைகள். அவற்றை யாரும் ஒவ்வொரு நொடியும் செய்துகொண்டிருப்பதில்லை. ஆங்கிலத்தில் தொடர்வினை, அதாவது ‘இங்’ ஈறு பெற்ற வடிவம், நடந்துகொண்டிருக்கிற செயலுக்கு உரியது. தமிழிலும் இதே உணர்வு நமக்கு உண்டு. ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருக்கிறார்கள்’ என்போம். ‘எனக்கு இரண்டு தங்கைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எவரும் சொல்வதில்லை. அந்த இரண்டாம் வாக்கியம் உங்கள் காதுக்கு எவ்வளவு கோணலாக ஒலிக்கிறதோ, “ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்” என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரின் காதுக்கு அவ்வளவு கோணலாக ஒலிக்கிறது. “ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்”, “ஐ ஹேவ் எ பைக்” என்பவையே முறையானவை.

“ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்” சரியாவதற்குக் காரணம், அங்கே ‘ஹேவ்’ தன் பழைய பொருளை விட்டுவிட்டு ‘சாப்பிடு’ என்ற செயலின் வேலையைப் பார்க்கிறது என்பதுதான். குளிப்பது, கூட்டம் நடத்துவது, விருந்து கொடுப்பது, சிரமப்படுவது ஆகியவற்றுக்கும் ஆங்கிலம் இந்த வினையைக் கடன் வாங்கும். அப்போதெல்லாம் அது செயல்வினை, ஆகவே ‘இங்’ ஏற்கும். ஒரே பெயர்ச்சொல்லோடு இரண்டு வடிவமும் வரும்போது பொருளே மாறிவிடும். “ஷி ஹேஸ் எ பேபி” என்றால் அவருக்குக் கைக்குழந்தை இருக்கிறது. “ஷி இஸ் ஹேவிங் எ பேபி” என்றால் அவர் கருவுற்றிருக்கிறார், அல்லது பிரசவ அறையில் இருக்கிறார். நம் ஊரில் சர்க்கரை நோயைச் ‘சுகர்’ என்றே சொல்வதால் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. ‘எனக்குச் சுகர் இருக்கிறது’ என்பதை “ஐ ஆம் ஹேவிங் சுகர்” என்று வெளிநாட்டு மருத்துவரிடம் சொன்னால், ‘நான் சர்க்கரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் அவர் புரிந்துகொள்வார். உடனே நிறுத்துங்கள் என்றும் சொல்வார், அந்த அறிவுரையில் தவறேதும் இல்லை என்பது வேறு விஷயம். “ஐ ஹேவ் டயபெட்டிஸ்” என்பதே சரி.

நோய்களைப் பொறுத்தவரை ஒரு நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். ‘ஹெடேக்’, ‘கோல்ட்’, ‘ஃபீவர்’ ஆகியவற்றுக்கு முன்னால் ‘எ’ சேர்த்து “ஐ ஹேவ் எ ஹெடேக்” என்று சொல்வது நல்லது. ‘டயபெட்டிஸ்’, ‘மலேரியா’, ‘ஆஸ்துமா’ போன்ற நோய்ப் பெயர்களுக்கு முன்னால் ‘எ’ வராது. அதே வேளையில், நெஞ்சுவலி விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும்போது “ஐ ஆம் ஹேவிங் செஸ்ட் பெய்ன்ஸ்” என்று சொன்னால் அது பிழையாகாது, ஏனெனில் பேசும் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் நிகழ்வாக அந்த வலி சொல்லப்படுகிறது. ‘உடைமை என்றால் ஹேவ், மற்றதெல்லாம் ஹேவிங்’ என்று சூத்திரம் போட்டுக் கற்பிக்கிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறிப் போகிறார்கள். நிலையா, நிகழ்வா என்று கேட்டுப் பார்த்தால் தடுமாற்றம் வராது.

‘ஹேவிங்’ என்ற வடிவத்தையே கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. ‘ரேஷன் கார்டு உள்ளவர்கள் இந்த வரிசையில் நிற்கவும்’ என்ற அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதும்போது “பர்சன்ஸ் ஹேவிங் ரேஷன் கார்ட்ஸ்” என்று எழுதுவது பிழையன்று; அங்கே ‘ஹேவிங்’ முற்றுவினையாக நிற்காமல் ‘உள்ள’ என்ற பெயரெச்சத்தின் இடத்தில் நிற்கிறது. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ என்ற துணைவினைகளோடு சேர்ந்து முற்றாக வரும்போதுதான் நிலையா நிகழ்வா என்ற கேள்வி எழுகிறது.

இந்தப் பிழை நம்மிடம் இவ்வளவு பரவலாக இருப்பதற்கு அலட்சியம் காரணமில்லை என்பது என் கருத்து. தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேரான ஒற்றை வினை இல்லை; ‘இரு’ என்ற வினையையும் வேற்றுமை உருபுகளையும் கொண்டு அந்த வேலையை நடத்திக்கொள்கிறோம். உறவையும் நோயையும் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம்: எனக்குத் தங்கை இருக்கிறாள், எனக்குக் காய்ச்சல் இருக்கிறது. கைவசம் உள்ள பொருளுக்கு ‘இடம்’ வருகிறது: என்னிடம் பணம் இருக்கிறது. பேணிப் பராமரிக்கும் பொருளுக்கு ‘வைத்திருக்கிறேன்’ என்கிறோம்: பைக் வைத்திருக்கிறேன், இரண்டு மாடு வைத்திருக்கிறேன். இந்தக் கடைசி வடிவத்தில் ‘இருக்கிறேன்’ வெளிப்படையாக நிற்பதால், ‘இருக்கிறேன் என்றால் ஆம்’ என்று படித்த மாணவன் ‘வைத்து’ என்பதை ‘ஹேவிங்’ ஆக்கி, ‘இருக்கிறேன்’ என்பதை ‘ஆம்’ ஆக்கி இரண்டையும் ஒட்டிவிடுகிறான். அவன் போட்ட கணக்கு ஒழுங்கானதுதான்; மொழிகள் அப்படிப் பதத்துக்குப் பதம் பொருந்துவதில்லை, அவ்வளவே.

தமிழின் ‘எனக்கு’, ‘என்னிடம்’ வேறுபாட்டை ஆங்கிலத்தில் காட்ட வேண்டுமானால் முன்னிடைச்சொல்லைத்தான் நாட வேண்டும். பேருந்தில் நடத்துநரிடம் ‘கையில் சில்லறை இல்லை’ என்று சொல்வதற்கு “ஐ டோன்ட் ஹேவ் எனி சேஞ்ச் ஆன் மீ” என்பது பொருத்தம். ‘ஆன் மீ’ என்பதை விட்டுவிட்டு “ஐ ஹேவ் நோ மணி” என்றால், இப்போது கையில் இல்லை என்றும் கொள்ளலாம், நான் ஏழை என்றும் கொள்ளலாம். மற்றொரு திசையில், அஃறிணையை எழுவாயாக்க நாம் தயங்குகிறோம். ‘இந்த வீட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன’ என்பது நமக்கு இயல்பு. அதனால் “இன் திஸ் ஹவுஸ் த்ரீ ரூம்ஸ் ஆர் தேர்” என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் வீடே அறைகளை உடையதாகும்: “திஸ் ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்.” புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளைக் கொண்டது புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்று எழுத நேர்ந்தாலும் ‘ஹேஸ் ஃபோர் ரீஜன்ஸ்’ என்று கூச்சமின்றி எழுதலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வருகிறவர்களிடம் இதற்கு நேர்மாறான சிக்கலைப் பார்க்கிறேன். பிரெஞ்சில் ‘அவ்வார்’ என்ற உடைமை வினை வயதையும் பசியையும் தாகத்தையும்கூடத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இருபது வயது என்று சொல்ல ‘இருபது ஆண்டுகளை உடையேன்’ என்பதே அங்கு மரபு. அந்தப் பழக்கத்தில் “ஐ ஹேவ் ட்வென்ட்டி இயர்ஸ்” என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வயதும் பசியும் ‘ஆம்’ என்பதற்கு உரியவை: “ஐ ஆம் ட்வென்ட்டி”, “ஐ ஆம் ஹங்கிரி.” இடையில் ஒரு செய்தி: லத்தீனின் ‘ஹபேரே’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சின் ‘அவ்வார்’ வந்தது உண்மை, ஆனால் ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ அந்த ‘ஹபேரே’க்கு உறவில்லை. ‘பற்று, கைப்பற்று’ என்ற பொருளுடைய வேறொரு பழைய வேரிலிருந்து அது பிறந்தது. லத்தீனில் அந்த வேரின் வழித்தோன்றல் ‘பிடி’ என்று பொருள்படும் ‘கபேரே’ என்ற வினை. ஓசை ஒற்றுமையைப் பார்த்து உறவு கொண்டாடினால் இப்படித்தான் ஏமாற நேரும்.

இப்போது ‘ஓன்’, ‘பொசெஸ்’ என்ற இரண்டுக்கும் வருவோம், ஏனெனில் உண்மையில் கவனம் வேண்டிய இடம் இதுதான். அகராதியில் ஒன்றுக்குப் பொருளாக மற்றொன்று வரும். சட்டத்தில் வெவ்வேறு வீட்டுக்காரர்கள். நம் பத்திர எழுத்தர்கள் இந்த வேறுபாட்டை அழகாகக் காப்பாற்றி வருகிறார்கள். கிரயப் பத்திரத்தில் ‘பாத்தியதை’ என்று ஒரு சொல் வரும், ‘சுவாதீனம்’ என்று இன்னொரு சொல் வரும். பாத்தியதை என்பது உரிமை, அது ‘ஓன்’. சுவாதீனம் என்பது கைவசம் இருத்தல், அது ‘பொசெஸ்’. வீட்டை வாடகைக்கு விட்டவர் “ஓன்” செய்கிறார். குடியிருப்பவர் “பொசெஸ்” செய்கிறார். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகின் உரிமையாளர் கரையில் இருக்க, வேறொருவர் அதைக் கடலுக்கு எடுத்துச் சென்றிருந்தால், அந்த மனிதரைப் பற்றி “ஹி ஹேஸ் த போட் டுடே” என்று தாராளமாகச் சொல்லலாம், “ஹி ஓன்ஸ் த போட்” என்று சொல்லக் கூடாது.

சுவாதீனம் உரிமையாக மாறும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் ஒருவர் அனுபவித்து வந்தால், அதை மீட்க வழக்குத் தொடுக்கும் உரிமையை உரிமையாளர் இழக்க நேரிடும். அரசு நிலத்துக்கு அந்தக் காலம் 30 ஆண்டுகள். உரிமையாளரின் அனுமதியோடு குடியிருக்கும் வாடகைக்காரருக்கு இது பொருந்தாது. ‘பொசெஸ்’ என்ற சொல்லை ‘ஓன்’ என்பதன் இடத்தில் அலட்சியமாக எழுதினால், நீதிமன்றத்தில் அது வேறொரு கதையைச் சொல்லும் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

குற்றவியலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. புதுச்சேரியிலிருந்து மதுபாட்டிலோடு கடலூர் எல்லைக்குள் நுழைகிறவரைச் சோதனைச்சாவடியில் நிறுத்தினால், ‘இது என் பாட்டில் இல்லை, நண்பனுடையது’ என்று அவர் சொல்வது அநேகமாக உதவாது. பாட்டில் யாருடையது என்பது ‘ஓன்’ பற்றிய கேள்வி. அங்கே கேட்கப்படுவது ‘பொசெஸ்’, அதாவது பை யார் தோளில் தொங்கியது என்பது. ஆயுதம், கஞ்சா, கள்ள நோட்டு ஆகியவை பற்றிய ஆங்கிலச் செய்திகளில் எப்போதும் ‘பொசெஷன்’ என்ற சொல்லே வருவதற்குக் காரணம் இதுதான்.

இதற்குப் பெரிய அளவில் ஓர் எடுத்துக்காட்டு புதுச்சேரியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. உரிமையைக் கைமாற்றும் ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இறையாண்மை என்பது வீடு, மனை போன்ற சொத்தன்று என்றாலும், இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் சுவாதீனம் ஓரிடத்திலும் சட்டப்படியான உரிமை இன்னோரிடத்திலும் இருந்தன. இந்தியாவுடன் இணைவது பற்றி 1954இல் வாக்கெடுப்பு நடந்த கீழூரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று கொடியேற்றுவது ஏன் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இந்த இரண்டு வினைகளைக் கொண்டுதான் விளக்குவேன்.

‘பொசெஷன்’ என்ற பெயர்ச்சொல்லில் ஒரு பொறியும் உண்டு. “த டெனன்ட் இஸ் இன் பொசெஷன் ஆஃப் த ஹவுஸ்” என்றால் வாடகைக்காரரிடம் வீடு இருக்கிறது. “த ஹவுஸ் இஸ் இன் த பொசெஷன் ஆஃப் த டெனன்ட்” என்றாலும் அதே பொருள்தான், ஆனால் எழுவாய் மாறியதும் ‘த’ என்ற சிறு சொல் உள்ளே வந்துவிட்டதைக் கவனியுங்கள். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் வீடு வாடகைக்காரரை வைத்திருப்பதாக ஆகிவிடும். குணங்களைச் சொல்லும்போதும் ‘பொசெஸ்’ வரும், ஆனால் அது ஏட்டு நடை. நண்பரிடம் பேசும்போது “ஹி ஹேஸ் எ ஷார்ப் மைன்ட்” போதும். ‘பொசெஸ்ட் பை’ என்று எழுதினால் பேய் பிடித்தவர் என்று பொருளாகும் என்பதையும் விண்ணப்பம் எழுதுகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

‘ஓன்’ என்பதற்குப் பெயரடையாகவும் ஒரு வாழ்வு உண்டு. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அங்கேதான். ‘ஓன் ஹவுஸா, வாடகையா?’ என்று தமிழில் கலந்து கேட்பதில் குற்றமில்லை, அது இப்போது தமிழ் வழக்கு. ஆங்கில வாக்கியத்தில் “ஐ ஹேவ் ஓன் ஹவுஸ்” என்பது நிற்காது. பெயரடையான ‘ஓன்’ தனக்கு முன்னால் ‘மை’, ‘ஹிஸ்’, ‘தேர்’ போன்ற ஒரு கிழமைச் சொல்லைக் கட்டாயம் கேட்கும்: “ஐ ஹேவ் மை ஓன் ஹவுஸ்” அல்லது “ஐ ஹேவ் எ ஹவுஸ் ஆஃப் மை ஓன்.” வினையாக்கிச் சொன்னால் “ஐ ஓன் எ ஹவுஸ்.” கூடப் பிறந்தவள் என்பதைக் காட்ட ‘ஓன் சிஸ்டர்’ என்று சொல்வதும் நம் நாட்டு வழக்கு, பெரியப்பா மகளையும் அக்கா என்றே அழைக்கிற குடும்பங்களில் அதன் தேவை புரிகிறது, ஆனால் வெளிநாட்டவருக்கு ‘சிஸ்டர்’ என்றாலே கூடப் பிறந்தவள்தான்.

‘பிலாங்’ பொருளிலிருந்து உரியவரை நோக்கிப் போகும் வினை, ஆகவே பொருளே எழுவாயாக நிற்கும், பின்னால் ‘டு’ வரும்: “திஸ் லேண்ட் பிலாங்ஸ் டு மை அங்கிள்.” ‘இஸ் பிலாங்கிங்’ என்ற வடிவம் ‘இஸ் ஹேவிங்’ போலவே தவறு, காரணமும் அதே. செயப்பாட்டு வினையாக்கவும் முடியாது. ‘ஹேவ்’ என்பதற்கும் உடைமைப் பொருளில் அது இயலாது, ‘ஓன்’ என்பதற்கு மட்டும் “இஸ் ஓன்டு பை” என்று தாராளமாக வரும். ‘நான் கடலூரைச் சேர்ந்தவன்’ என்பதை “ஐ பிலாங் டு கடலூர்” என்று எழுதுவது இந்தியாவில் எங்கும் செல்லும். நாட்டுக்கு வெளியே படிக்கப்போகும் விண்ணப்பத்தில் “ஐ ஆம் ஃப்ரம் கடலூர்” என்று எழுதுங்கள். நீங்கள் அந்த ஊரின் சொத்து என்று எவரும் எண்ணமாட்டார்கள் என்றாலும், அதுவே இயல்பான நடை.

காலத்தைச் சேர்த்துச் சொல்லும்போது வருகிற பிழையையும் இத்தோடு திருத்திக்கொள்ளலாம். ‘ஐந்து வருஷமாக இந்த பைக் வைத்திருக்கிறேன்’ என்பது “ஐ ஆம் ஹேவிங் திஸ் பைக் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்” என்று ஆகிவிடுகிறது. முன்பு தொடங்கி இன்னும் நீடிக்கிற நிலைக்கு “ஐ ஹேவ் ஹேட் திஸ் பைக் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பது சரியான வடிவம். ‘ஹேவ் ஹேட்’ என்று ஒரே வினை அடுத்தடுத்து நிற்பது கண்ணை உறுத்தலாம். முன்னது துணைவினை, பின்னது முதன்மை வினை, இரண்டுக்கும் வேலை வேறு. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’. இப்போது கையில் இல்லாத பழைய சொத்துக்கு வெறும் ‘ஹேட்’ போதும்: பண்ருட்டிப் பக்கம் தாத்தாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது என்பதற்கு ‘வாஸ் ஹேவிங்’ வேண்டியதில்லை, ‘ஹேட்’ அல்லது ‘ஓன்டு’ எழுதுங்கள்.

வினா வடிவமும் எதிர்மறை வடிவமும் எளியவை. ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ வந்துவிட்டால் பின்னால் எப்போதும் ‘ஹேவ்’தான்; “டஸ் ஹி ஹேஸ்”, “டிட் யூ ஹேட்” இரண்டும் பிழை. “ஹேவ் யூ எ பைக்?” என்ற பழைய பிரிட்டிஷ் வடிவத்தை இன்று அவர்களே அரிதாகத்தான் பயன்படுத்துகிறார்கள். “ஹேவ் யூ காட் எ பைக்?” என்பது பேச்சுக்கு ஏற்றது, அலுவலகக் கடிதத்துக்கு “டூ யூ ஹேவ்” பொருந்தும். ‘ஹேவ் காட்’ உடைமையையும் உறவையும் சொல்லும், ஆனால் மதிய உணவுக்கும் குளியலுக்கும் வராது. “ஐ ஹேவ் காட் லஞ்ச் அட் ஒன்” என்று யாரேனும் எழுதினால், ஒரு மணிக்குச் சாப்பிடும் வழக்கம் உடையவர் என்ற பொருள் அதில் கிடைக்காது.